ஏழாவது படித்துறை

ஜனவரி 9, வியாழன்

எட்டு வாரம் கழித்து இன்றைக்குப் பதில் வந்திருக்கிறது. ஆறே வரி. எழுதியவர் இந்த ஆற்றுக்கரைக்குப் பொறுப்பான பொறியாளர் தெய்வசிகாமணி.

கொள்ளிடத்தில் பதினெட்டு கிலோமீட்டர் நீளத்துக்கு முதலைகள் எங்கே முட்டையிடுகின்றன, எந்த மாதத்தில் தாய் முதலை கிட்டே போனாலே பாயும், எந்தப் படித்துறையில் மனிதருக்கு ஆபத்து என்று மூன்று வருடம் படகிலும் மணலிலும் கிடந்து நான் எழுதிய அறிக்கை. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், இங்கிலீஷில், வண்ண விளக்கப்படங்களோடு. நவம்பரில் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த மனிதர் அதைத் திறக்கக்கூட இல்லை. இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்துவிட்டு, "எத்தன கிலோ வரும் மேடம்?" என்றார். ஆபீஸே சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

இன்றைய கடிதம் இது: "தங்கள் அறிக்கையில் இடங்கள் கே-1 முதல் கே-14 வரை எண்களாக மட்டுமே உள்ளன. எந்த ஊர், எந்தப் படித்துறை, எந்த மாதம் என்பதை ஒரே பக்கத்தில் தமிழில் தெரிவிக்கவும். எச்சரிக்கைப் பலகை வைக்க உதவியாக இருக்கும்."

ஒரே பக்கமாம்! எங்கள் வேலையில் கூடு இருக்கும் இடத்தைப் பெயர் சொல்லி எழுதமாட்டோம். எழுதினால் மறுநாளே முட்டை திருடுகிறவனும் கடப்பாரை தூக்கியவனும் அங்கே நிற்பான். அறிக்கையில் எண் மட்டும்தான்; எந்த எண் எந்த இடம் என்பது என் நீல நோட்டில் இருக்கும். இதுகூடத் தெரியாத ஆள் ஓர் ஆற்றை நிர்வாகம் செய்கிறார். கேள்வி கேட்டு ஒரு கடிதம் போட்டுவிட்டால் ஃபைலைக் கட்டி அலமாரியில் வைத்துவிடலாம். அந்தத் தந்திரம் எனக்குத் தெரியாதா?

டீக்கடையில் கிடந்த தபாலை வாங்கிவந்து கொடுத்தது என் படகோட்டி வீரக்கண்ணு. "என்னாங்க டாக்டரம்மா, கவர்மெண்டு கடுதாசியா?" என்றான். (ஊரில் எல்லாருக்கும் நான் டாக்டரம்மாதான். முதலையைப் படித்து வாங்கிய பட்டம் என்று சொன்னாலும் காய்ச்சல் மாத்திரை கேட்டு வருவார்கள்.)

"ஆமா. எனக்கில்ல, முதலைக்கு வந்திருக்கு" என்று சொல்லி, மேஜைமேல் இருக்கும் முதலை மண்டையோட்டின் பல்லிடுக்கில் அதைச் செருகினேன். வீரக்கண்ணு விழுந்து விழுந்து சிரித்தான். அவன் பெண்டாட்டி அஞ்சலாட்சி ஒரு தூக்கில் பொடிமீன் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தாள். மதியம் அதுதான்.

ஜனவரி 28, செவ்வாய்

துடுப்பு ஒன்று விரிசல். தெரியாத நம்பரிலிருந்து காலையில் இரண்டு தடவை போன். எடுக்கவில்லை. இன்ஷூரன்ஸ்காரர்களாக இருக்கும்.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்றைக்குச் சிரித்த சிரிப்பில் படகு ஆடிவிட்டது.

நம் தெய்வசிகாமணி ஒரு பலகை வைத்திருக்கிறார். தகரத்தில் சிவப்பு எழுத்து: "எச்சரிக்கை! முதலை நடமாட்டம். ஆற்றில் இறங்காதீர்." பக்கத்தில் ஒரு படம், பார்த்தால் உடும்பு. எங்கே வைத்திருக்கிறார் தெரியுமா? கோயில் படித்துறையில்! மூன்று வருடத்தில் அங்கே ஒரு முதலை வால்கூட நான் பார்த்ததில்லை. முழங்கால் ஆழம், கல்படிகள், நாள் முழுக்க ஜனம். இந்த ஆற்றிலேயே பயமில்லாத ஒரே இடம்.

"நேத்து வந்தாருங்க" என்றான் வீரக்கண்ணு. "கதவணையிலேர்ந்து நடந்தே வந்தாரு. ஒவ்வொரு படித்துறையா நின்னு நின்னு, வெரலு விட்டு எண்ணிக்கிட்டே வந்தாராம். கூட வந்த ஆளு சொன்னாரு."

"எண்ணட்டும். அது ஒண்ணுதான் தெரியும்போல" என்றேன்.

பலகையைப் போட்டோ எடுத்து கோயம்புத்தூரில் இருக்கும் சக ஆராய்ச்சியாளர்களுக்கு அனுப்பினேன். பதினோரு பேர் சிரிப்பு பொம்மை அனுப்பினார்கள். மனசு குளிர்ந்தது.

மார்ச் 11, செவ்வாய்

மொட்டைவால் வந்துவிட்டாள்! நான்காவது வருடம், அதே இடம், அதே சரிவு. வால் நுனி இல்லாத பத்தடித் தாய். அவள் கூடுதான் கே-7. புளியடிப் படித்துறைக்கு மேலே இருபது எட்டில், புளிய வேருக்குப் பக்கத்து மணலில் குழி பறித்து இட்டிருக்கிறாள். கீழே மடு. கோடையில் மற்ற இடமெல்லாம் வற்றினாலும் அதில் ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். அறிக்கையில் மிக மோசமான இடம் என்று நான் குறித்தது இதைத்தான். நல்லவேளை, மேட்டுப் பாதை முள்ளாக இருப்பதால் ஜனங்கள் அங்கே அதிகம் போவதில்லை. கோயில் படித்துறை கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது யார் போகப்போகிறார்கள்?

வேலைக்கு வந்த முதல் நாளே வீரக்கண்ணுவிடம் சத்தியம் வாங்கினேன். கூடு எங்கே இருக்கிறதென்று யாரிடமும் மூச்சு விடக்கூடாது, வீட்டிலும்கூட. என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தான். இதுவரை தவறியதில்லை. "வீட்டுக்காரி கேட்டா, மணல எண்ணுனோம்னு சொல்லிருவேங்க" என்று இன்றைக்கும் சொன்னான்.

மார்ச் 27, வியாழன்

நாளை கழிமுகத்துக்குக் கிளம்புகிறோம். உப்புத் தண்ணீர்ப் பக்கம் முதலை போகிறதா என்று பார்க்க வேண்டும். பதினைந்து நாள் முகாம். அரிசி, ஸ்டவ், தார்ப்பாய், கொசுவலை. வீரக்கண்ணுவும் வருகிறான். அஞ்சலாட்சி ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்து, "பத்தரமா திருப்பிக் கொண்டாந்து சேத்துருங்க டாக்டரம்மா, எனக்கு இருக்கறது ஒரு புருசன்தான்" என்றாள். ஊறுகாய் பாட்டிலையா புருஷனையா என்று கேட்டேன். "பாட்டிலத்தான்" என்றாள். அந்த வாய்க்கு ஈடு கிடையாது.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலை பத்தரைக்கு வீரக்கண்ணுவுக்குப் போன் வந்தது. அஞ்சலாட்சியை முதலை பிடித்துவிட்டது. வலது கை.

புளியடியில்.

கே-7.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆஸ்பத்திரி. முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். கோயில் படித்துறையில் பலகை வைத்த பிறகு பெண்கள் பயந்துபோய் அங்கே இறங்குவதை விட்டுவிட்டார்களாம். கொஞ்ச நாள் கைபம்பில் சமாளித்துவிட்டு, நாங்கள் முகாமுக்குப் போன பிறகு முள்ளை வெட்டிப் பாதை போட்டு, ஒரு வாரமாகப் புளியடியில்தான் துணி துவைத்திருக்கிறார்கள். அஞ்சலாட்சி கல்லில் சேலையைக் கும்மிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் வெடித்தது. மற்ற பெண்கள் முடியைப் பிடித்தும் இடுப்பைப் பிடித்தும் இழுத்திருக்கிறார்கள். உடம்பு வந்தது, கை வரவில்லை.

வீரக்கண்ணு சுவரோரம் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அஞ்சலாட்சி மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி: "அந்தப் பலகைய எவன் வச்சான்?"

சொன்னேன். அறிக்கை கொடுத்ததையும், அந்த ஆள் கிலோ கேட்டுக் கிண்டலடித்ததையும், எல்லாவற்றையும் சொன்னேன்.

"முதல மேல எனக்குக் கோவமில்லங்க" என்றாள். "அது புள்ளைய காக்குது. அறிவுள்ள மனுசன் எவன் பண்ணுனானோ அவன் வரணும். நான் கும்முன அதே கல்லுல நின்னு என் வீட்டுத் துணிய கும்மணும். ஒரு நாளு இல்ல. எனக்குப் போதும்னு தோணுற வரைக்கும். கொண்டாந்து நிறுத்துவீங்களா டாக்டரம்மா?"

"நிறுத்துறேன்" என்றேன். அவள் இடது கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

தெய்வசிகாமணி ஜூன் முப்பதில் ரிட்டயர் ஆகிறார் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். மாலையும் மரியாதையுமாக வீட்டுக்குப் போக விடமாட்டேன். தலை குனிந்துதான் போக வேண்டும். நாசமாகப் போகட்டும்.

ஏப்ரல் 10, வியாழன்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். என் அறிக்கை அந்த ஆபீசுக்குள் போன நாளிலிருந்து யார் என்ன குறிப்பு எழுதினார்கள், ஒரு வரி விடாமல் நகல் வேண்டும். ஒன்றுமே எழுதியிருக்கமாட்டார்கள். அந்த வெற்றுத் தாள்தான் எனக்கு வேண்டும். அதை வைத்தே உரிக்கிறேன்.

ஏப்ரல் 12, சனி

அந்த ஆள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்! கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார். நல்லவேளை, அஞ்சலாட்சி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுந்துபோய் வழி மறித்தேன்.

"மேடம், நான் உங்களுக்கு ஒரு..."

"ஒண்ணும் வேணாம். கிளம்புங்க."

"இல்ல மேடம், ஜனவரியிலயே..."

"இங்க கத்த வைக்காதீங்க. உங்க மூஞ்சியப் பாத்தா அவளுக்குத் தையல் பிரிஞ்சிரும்."

போய்விட்டார். பாட்டிலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். அதைத் தூக்கி எதிர் வார்டு கிழவருக்குக் கொடுத்தேன். நன்றாக இருந்தது.

ஏப்ரல் 30, புதன்

அஞ்சலாட்சி வீட்டுக்கு வந்துவிட்டாள். இடது கையால் சோறு பிசைகிறாள். நான் போனபோது வீரக்கண்ணு எழுந்து வெளியே போனான். படகு கட்டியே கிடக்கிறது.

மே 9, வெள்ளி

ஆபீசிலிருந்து உறை. இருபத்திரண்டு பக்க நகல். வெற்றுத் தாள் ஒன்றுகூட இல்லை.

பச்சை மையில், சின்னச் சின்னக் கையெழுத்தில் எழுதியிருக்கிறார். அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்.

நவம்பர் 29: "முதலை அறிக்கை முழுவதும் படித்தேன். ஆங்கிலம் கடினம், மகள் உடனிருந்து உதவினாள். பரிந்துரைகள் மிக முக்கியமானவை. ஆனால் எந்த இடம் என்று எங்கும் இல்லை."

ஜனவரி 6: "இட விவரம் கேட்டுக் கடிதம் அனுப்பலாம்."

ஜனவரி 28: "பதில் இல்லை. தொலைபேசியில் இருமுறை அழைத்தேன். எடுக்கவில்லை."

பிப்ரவரி 11: "முட்டையிடும் காலம் தொடங்கிவிட்டது (பக்கம் 143). இனியும் காத்திருப்பது தவறு. மிக ஆபத்தானது கே-7 (பக்கம் 167). எண்கள் கதவணையிலிருந்து வரிசையாக இடப்பட்டிருக்கும் எனக் கொண்டால் ஏழாவது கோயில் படித்துறை. நேரில் நடந்து எண்ணிப் பார்க்கிறேன். ஒரு பலகைக்குத்தான் தகரம் கையிருப்பில் உள்ளது. அங்கே வைக்கலாம்."

என் எண்கள் கதவணையிலிருந்து வரிசையாக இல்லை. எந்தக் கூட்டை முதலில் கண்டுபிடித்தேனோ அது ஒன்று. அடுத்தது இரண்டு. அப்படித்தான் எல்லாரும் செய்வோம். புளியடி நான் ஏழாவதாகக் கண்டுபிடித்தது.

நூற்று அறுபத்தேழாம் பக்கம் வரை படித்திருக்கிறார். என் வழிகாட்டிப் பேராசிரியரே நூறாவது பக்கத்தோடு நிறுத்தியவர்.

இருந்தாலும் கேட்கிறேன், தெரியாவிட்டால் சும்மா இருக்க வேண்டியதுதானே? யார் எண்ணச் சொன்னது? ஊகம் பண்ணிப் பலகை வைப்பதற்கு இது என்ன தாயக்கட்டமா? அவர் சும்மா இருந்திருந்தால் அஞ்சலாட்சி கோயில் படித்துறையிலேயே துவைத்துக்கொண்டிருப்பாள். தப்பு அவர்மேல்தான். எப்படிப் பார்த்தாலும் அவர்மேல்தான்.

ஜனவரிக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பவில்லை. சாதா தபால். என் கையெழுத்து எங்கேயும் இல்லை.

மே 10, சனி

வீடு கூட்டினேன். மேஜையைத் துடைத்தேன். மண்டையோட்டைத் தூக்கித் தூசி தட்டினேன். கடிதத்தை எடுத்துக் கிழிக்கலாம் என்று நினைத்து, எடுக்காமல் விட்டேன். அதைத் தொட்டால் நான் படித்தேன் என்று ஆகிவிடும்போல ஒரு பயம். பைத்தியம்.

மே 26, திங்கள்

கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம். பட்டா, ரேஷன் கார்டு, சுடுகாட்டுப் பாதை என்று நாற்பது மனுவுக்குப் பிறகு எங்கள் முறை. அஞ்சலாட்சி முன்வரிசையில், சேலைத் தலைப்பால் கையை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். மூடவேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். பக்கத்தில் வீரக்கண்ணு.

நான் பேசினேன். அறிக்கையை மேஜைமேல் வைத்தேன். பலகையின் போட்டோவைக் காட்டினேன். "ஆபத்தே இல்லாத இடத்துல பலகை வச்சு, ஆபத்து இருக்கற இடத்துக்கு ஜனங்களத் துரத்தியிருக்காரு சார்" என்றேன். மண்டபமே உச்சுக் கொட்டியது.

கலெக்டர் திரும்பினார். "என்ன சார் இது?"

தெய்வசிகாமணி எழுந்தார். வெள்ளைச் சட்டை, பையில் பச்சைப் பேனா. "அறிக்கையில இடம் இல்லிங்க சார். கேட்டு லெட்டர் போட்டேன். பதில் வரல."

கலெக்டர் என்னைப் பார்த்தார். "லெட்டர் வந்துதா மேடம்?"

அந்த நேரத்தில் எனக்கு ஆபீஸ் சிரித்த சிரிப்புதான் காதில் விழுந்தது. எத்தன கிலோ வரும் மேடம்?

"வரல சார்" என்றேன்.

தெய்வசிகாமணி என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. "வரலேன்னா... வரலதான் சார்" என்று உட்கார்ந்துவிட்டார். ரிட்டயர் ஆக முப்பத்தைந்து நாள் இருக்கும்போது தற்காலிகப் பணி நீக்கம். விசாரணை முடியும்வரை ஓய்வும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

ஜெயித்துவிட்டேன். திரும்பும் வழியில் வெயில் மண்டையைப் பிளந்தது.

மே 28, புதன்

காலையில் வீரக்கண்ணு வந்தான். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது அவன் இந்த வாசலை மிதித்து. உள்ளே வரவில்லை, நிலைப்படியில் நின்றான்.

"அந்தக் கடுதாசிய நாந்தானங்க கொண்டாந்து குடுத்தேன்."

கடிதம் மேஜைமேல் மண்டையோட்டின் வாயிலேயே இருந்தது.

"முதல வாயில சொருவுனீங்க. நானும் சிரிச்சேன்." நிலையைப் பிடித்துக்கொண்டான். "அன்னைக்குக் கூட்டத்துல எந்திரிச்சு சொல்லியிருக்கணும். சொல்லல. கூடு எங்கருக்குன்னு வீட்டுக்காரிகிட்ட சொல்லியிருக்கணும். சத்தியம் பண்ணுனோம்னு சொல்லல. இந்த வாய வச்சிக்கிட்டு நான் என்னத்துக்கு இருக்கேன்? நேத்து அவகிட்ட எல்லாத்தயும் சொல்லிட்டேன்."

அவனுக்குப் பின்னால் அஞ்சலாட்சி நின்றாள். அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். நேராக மேஜைக்குப் போய், இடது கையால் மண்டையோட்டின் வாயிலிருந்து கடிதத்தை உருவினாள். அவள் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி, சத்தமாக வாசித்தாள்.

"எந்த ஊர்... எந்தப் படித்துறை... எந்த மாதம்... ஒரே பக்கத்தில்..."

அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இத்துனூண்டுதானா கேட்டாரு?"

"அஞ்சலாட்சி, எங்க வேலையில இடத்தச் சொன்னா முட்டைய..."

"என் கை முழுசா இருந்தப்போ ஊறுகா போட்டுக் குடுத்தேன் ஒனக்கு" என்றாள். நாலு வருடத்தில் முதல்முறையாக என்னை ஒருமையில் பேசினாள். "முட்டைய பத்தரமா வச்சிக்கிட்ட. நீதானா? நீதானாடி அது?"

தலையாட்டினேன். அவள் கடிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

"ஆஸ்பத்திரியில என் கையில அடிச்சு சத்தியம் பண்ணுன. கொண்டாந்து நிறுத்துறேன்னு. நிறுத்து."

மே 29, வியாழன்

கலெக்டருக்கு எழுதினேன். கடிதம் வந்தது, ஜனவரி ஒன்பதாம் தேதி வந்தது, படித்தேன், பதில் எழுதவில்லை, கூட்டத்தில் பொய் சொன்னேன். அசல் கடிதத்தையும் இந்த நாட்குறிப்பின் பக்கங்களையும் நகல் எடுத்து இணைத்தேன். பழி வாங்கத்தான் பொய் சொன்னேன் என்பதையும் எழுதினேன். எழுதாமல் விட்டால் அதுவும் ஒரு கே-7 ஆகிவிடும்.

பிறகு ஒரு வெள்ளைத் தாள் எடுத்து, பதினான்கு இடத்துக்கும் ஒவ்வொரு வரி, கோயில் படித்துறைக்குக் கூடுதலாக ஒரு வரி எழுதினேன். ஊர், படித்துறை, மாதம். தமிழில். "புளியடிப் படித்துறை: மார்ச் முதல் ஜூன் முடிய யாரும் இறங்கக்கூடாது. கோயில் படித்துறை: ஆபத்து இல்லை, பயன்படுத்தலாம்."

அரை மணி நேரம் ஆனது.

அதை எடுத்துக்கொண்டு தெய்வசிகாமணி வீட்டுக்குப் போனேன். கைலியோடு வாசல் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"கோயில் படித்துறையிலேர்ந்து புளியடி எவ்ளோ தூரம் மேடம்?"

"நானூறு மீட்டர்."

"நானூறு மீட்டர்" என்று திருப்பிச் சொன்னார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைக்கப்போய், சட்டை போடவில்லை என்று தெரிந்து கையிலேயே வைத்துக்கொண்டார். "உங்களுக்காக ஒரு வார்த்த நல்லதா சொல்லமாட்டேன் மேடம். எங்க கூப்பிட்டு விசாரிச்சாலும் சொல்லமாட்டேன். உங்க பர்மிஷன் போனாலும் போகட்டும். ஆனா இந்தப் பேப்பர இன்னைக்கே ஆபீஸ்ல சேத்துடறேன். எனக்கு உள்ள போக அனுமதியில்ல. கேட்டுல நின்னு குடுத்துடறேன்."

சரி என்றேன்.

ஜூன் 7, சனி

அவரை மறுபடி வேலையில் சேர்த்துவிட்டார்களாம். என் ஆராய்ச்சி அனுமதியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காலி செய்ய இந்த மாதம் முடியும்வரை கெடு.

ஜூன் 11, புதன்

புதுப் பலகைகள் வந்துவிட்டன, மற்ற பதின்மூன்று இடத்துக்கும். கோயில் படித்துறைப் பலகையைப் பிடுங்கிப் புளியடியில் நட்டார்கள். உடும்பு அப்படியே இருக்கிறது. வீரக்கண்ணுதான் குழி தோண்டினான்.

ஜூன் 12, வியாழன்

அஞ்சலாட்சி காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். புளியடிக்கு.

போனேன். மூட்டை கல்லின்மேல் இருந்தது. அவள் சேலை நான்கு, வீரக்கண்ணு வேட்டி, கைலி, மெத்தை விரிப்பு. அவள் மேட்டில் புளிய வேரில் உட்கார்ந்திருந்தாள், மடியில் வெற்றிலைப் பை.

"இங்க வேணாம் அஞ்சலாட்சி" என்றேன். "கூடு பொரிஞ்சிருச்சு. குஞ்செல்லாம் மடுவுலதான் இருக்கு. தாய் போகாது. கோயில் படித்துறையில துவைக்கிறேன், எத்தன நாள் வேணும்னாலும். பலகைகூட வச்சிருக்காங்க பாரு."

"பலக மத்தவங்களுக்கு."

"அது வந்துச்சுன்னா?"

"நான் மேட்டுல இருக்கேன்ல. எனக்கு மடு முழுசும் தெரியுது." வெற்றிலையை இடது கையாலேயே நரம்பு கிள்ளினாள். "வந்தா சொல்றேன். சொல்லுவேனா மாட்டேனான்னு நீ யோசிச்சிக்கிட்டே கும்மு."

இறங்கினேன். தண்ணீர் முழங்கால்வரை, பிறகு தொடைவரை. கல்லின் ஓரத்தில் அவள் நின்று துவைத்த இடம் இருந்தது. அங்கேதான் நிற்க முடியும், மடுவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. முதல் சேலையை நனைத்து அடித்தேன். சத்தத்துக்கு அது வரும் என்று எனக்குத் தெரியும். பக்கம் 171-இல் நானே எழுதியிருக்கிறேன். அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் காதைத் தீட்டிக்கொண்டேன். குஞ்சுகள் எங்கேயோ கீச்கீச்சென்றன. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று அவள் சொல்லவில்லை, ஆனாலும் பார்க்கவில்லை.

இரண்டாவது சேலை. மூன்றாவது. வேட்டி. கை தோள்வரை வலித்தது. வலிக்கிறதென்று நினைத்ததும் வெட்கமாக இருந்தது. மேட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் தலை நிமிராததால் அவள் இருக்கிறாளா, எழுந்து போய்விட்டாளா என்றுகூடத் தெரியவில்லை.

மெத்தை விரிப்பை விரித்து அலசும்போது, அவள் வெற்றிலையைத் துப்பும் சத்தம் கேட்டது. பிறகு, அவசரமே இல்லாமல், "ஏறு" என்றாள்.

விரிப்பை விட்டுவிட்டு, கல்மேல் பிழிந்து வைத்திருந்த துணியை அள்ளிக்கொண்டு ஏறினேன். மேட்டில் நின்று திரும்பினேன். நான் நின்ற கல்லிலிருந்து நான்கு முழத்தில் மொட்டைவாலின் கண்கள் இரண்டும் தண்ணீருக்கு மேலே இருந்தன. விரிப்பு அவள் மூக்கருகே மிதந்து போய்க்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரமாக மொட்டைவாலைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று அஞ்சலாட்சியிடம் நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஈரத்துணி மூட்டையை என் தலைமேல் தூக்கி வைக்க அவளுக்கு ஒரு கையால் முடியாது என்பதால், நானே குனிந்து தூக்கிக்கொண்டேன்.

நாளைக்கும் எட்டு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறாள்.